லோனாவ்லாவில் எடுத்த வெள்ளைப் படங்கள்

பம்பாயில் பிறந்து வளர்ந்தவனிடம் "பம்பாயில் பார்க்க என்னப்பா இருக்கிறது?" என்று மட்டும் யாரும் கேட்டுவிடாதீர்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷன், ஸ்டேஷனிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து மறுபடி ஸ்டேஷன் என்பதைத் தாண்டி அவனுக்கு ஒரு இழவும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டான். நான் தாராவியில் பிறந்தவன். போதாக்குறைக்குக் கையில் ஒரு கேமராவும் வைத்திருந்தேன்.

மகா அக்காவுக்கு நாங்குநேரிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை முத்துவும் அக்காவும் வீடியோ காலில் பேசிப் பேசியே மனசளவில் பாதிக் கல்யாணத்தை முடித்திருந்தார்கள். இடைஞ்சல் மாப்பிள்ளையின் அம்மாதான். "பம்பாய்ப் பொண்ணு, அதுவும் தாராவியாம்லா" என்று அவர் ஊரில் இழுத்தது எங்கள் காதுவரைக்கும் வந்திருந்தது. அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் இரண்டு நாள் பம்பாய் வந்து, நேரில் பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு. அக்கா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏலே, எனக்கு இந்த மாப்பிள்ளைதான் வேணும். எதையும் கெடுத்துப் போட்டுராத" என்றாள். அவள் என்னிடம் இப்படிக் கெஞ்சியது அதுதான் முதல் தடவை.

கெடுப்பதாவது, ஜமாய்த்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் நகரம், ஒரு நாள் மலை. நல்ல நல்ல இடமாக நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். அவர்கள் ஊர் போய்ச் சேரும் முன்பே படங்கள் போய்ச் சேர்ந்து, சொந்தக்காரர்கள் வயிறு எரிய வேண்டும். ஒரு வாரம் (ஆபீஸ் நேரத்தில்தான், வேறெப்போது) வீடியோ வீடியோவாகப் பார்த்து இடங்களைப் பொறுக்கினேன். ஒரே ஒரு விதி வைத்திருந்தேன்: எந்தப் படத்திலும் தாராவி தெரியக் கூடாது. சம்பந்திகளுக்கு ரூம்கூடத் தாராவியை விட்டுத் தள்ளி மாட்டுங்காவில்தான் போட்டேன். எங்கள் வீட்டை நினைத்து எனக்கு அப்போது அவ்வளவு வெட்கம்.

முதல் நாள் விடிவதற்குள் எல்லோரையும் எழுப்பி மரீன் டிரைவுக்குக் கூட்டிப்போனேன். திட்டம், கடலில் சூரியோதயம். ஜூலை மாதம்தான் என்றாலும் வானம் அன்று தெளிவாக இருந்தது. கேமராவை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டு கடலையே பார்த்துக் காத்திருந்தேன். வெளிச்சம் வந்தது. காக்கா வந்தது. டீக்காரர்கூட வந்துவிட்டார். சூரியனைக் காணோம்.

மாப்பிள்ளையின் அப்பாதான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தம்பி, முதுகுல வெயில் அடிக்கே?"

திரும்பிப் பார்த்தால், சூரியன் கட்டடங்களுக்குப் பின்னாலிருந்து எழுந்து நெடுநேரமாகியிருந்தது. பம்பாயின் கடல் மேற்கே இருக்கிறது என்பது இத்தனை வருஷமாக என் புத்திக்கு எட்டவே இல்லை. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "எங்க பக்கம் திருச்செந்தூர்ல சூரியன் கடல்லதான் உதிக்கும். இங்க அதுக்கும் எடம் இல்லை போல" என்றார். பிறகு, "ஒங்க வீடு எங்கன இருக்கு?" என்று கேட்டார். "அந்தப் பக்கம் ஒரே டிராபிக், அத்தே" என்றேன்.

மறுநாள் மலை, அதாவது லோனாவ்லா. கிங்ஸ் சர்க்கிளில் வேனைப் பிடித்து எல்லோரும் ஏறிக்கொண்டிருந்தபோது, வெள்ளைச் சட்டையும் குரங்குத் தொப்பியும் அணிந்த ஒரு பெரியவர் குடையை ஊன்றியபடி வந்தார். "லோனாவ்லாதானே?" என்று டிரைவரிடம் கேட்டார். அவன் "ஹாங்" என்றதும் ஏறி, முன்சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா என் காதில், "மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவா இருக்கும்ல. ரயில்ல இப்பதான் வந்திருப்பாவ. தண்ணி பாட்டிலக் குடு" என்றார்.

நீங்கள் யார் என்று கேட்டிருக்கலாமே என்பீர்கள். பெண் கேட்டு வந்த இடத்தில், சம்பந்தி வீட்டு ஆளைப் பார்த்து 'இவர் யாரு?' என்று கேட்பதா? 'எங்க ஆளுக்கு மரியாதை இல்லை' என்று அதற்கே ஒரு கல்யாணம் நின்றுபோகும். மாப்பிள்ளை வீட்டிலும் அதே கதைதான். மாப்பிள்ளையின் அம்மா அவரை எங்கள் அக்காவின் தாய்மாமன் என்று முடிவுகட்டிவிட்டார் (எங்கள் அம்மாவுக்கு உடன்பிறந்தவர்களே கிடையாது என்பது அவருக்கு எப்படித் தெரியும்?). குளிருகிறதா என்று கேட்டுத் தன் சால்வையை எடுத்துக் கொடுத்தார். அப்பா போட்டிக்கு இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து முதல் இட்லியை அவரிடம் நீட்டினார். பெரியவர் இரண்டு தரப்பையும் ஏமாற்றாமல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

நான் தேர்ந்தெடுத்த முதல் பாயிண்டில் இறங்கினோம். வீடியோவில் அங்கே பச்சைப் பள்ளத்தாக்கும் ஏழெட்டு அருவிகளும் இருந்தன. நேரில் மூடுபனி இருந்தது. மூடுபனி மட்டும்தான் இருந்தது. (வீடியோ அக்டோபரில் எடுத்ததாம். அதைக் கீழே எழுதியும் இருந்தார்களாம்.) யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நான் விடவில்லை. "சிரிங்க, சிரிங்க" என்று பனியைப் பார்த்துக் கத்தியபடி கிளிக்கிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு படத்துக்கும் பெரியவர் முதல் ஆளாக நடுவில் வந்து நின்றார்.

"தம்பி, பள்ளத்தாக்கு எங்கப்பா?" என்றார்.

"இங்கதான் இருக்கு மாமா. தெரியாது."

"தெரியாததக் காட்டவா இம்புட்டு தூரம் கூட்டியாந்த?"

அடுத்த பாயிண்டிலும் அதே பனி, அதே கேள்வி. மூன்றாவதில் மழை கொட்டியது. மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையோடு சேற்றில் வழுக்கி, சோளம் சுடுகிற கடையின் கம்பைப் பிடித்துத் தப்பித்தார். நிமிர்ந்தவர் நேராக அப்பாவைப் பார்த்தார்.

"நேத்து சூரியனக் காட்டுதேன்னான், காட்டல. இன்னைக்குப் பள்ளத்தாக்கக் காட்டுதேன்னான், காட்டல. வீட்டையும் காட்ட மாட்டேங்கீய. அப்படி என்னத்தண்ணே மறைக்கீய? நாங்க ஊருக்குப் போயி யோசிச்சுச் சொல்லுதோம்."

எங்கள் பக்கத்தில் 'யோசிச்சுச் சொல்லுதோம்' என்றால் முடியாது என்று அர்த்தம். அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அதையும் கெடுத்துவிட்டேன்.

மாப்பிள்ளையின் அம்மா பெரியவரிடம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. பெரியவிய. நான் கேக்கது தப்பா?"

பெரியவர் சோளத்தை மென்று முடித்தார். "நான் என்னத்தச் சொல்லதுக்கு இருக்கு தாயி? அந்தா பாருங்க, அந்தப் பிள்ளையும் பையனும் ஒரே குடைக்குள்ள நின்னு ஒத்தச் சோளத்தத் தின்னுட்டு நிக்குதுவ. இனிமே நீங்க யோசிச்சா என்ன, யோசிக்காட்டா என்ன? வீட்டப் பாக்கணும்னா நேரா போயிப் பாருங்க. மழையில நின்னுக்கிட்டா வழக்குப் பேசுவாவ?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அந்த இரண்டு நாளில் தெளிவாகத் தெரிந்த ஒரே காட்சி அதுதான். முத்து சோளத்தைப் பின்னால் மறைத்தார். அக்கா குடையை இறக்கி முகத்தை மறைத்தாள். அவர்களை அப்போது படம் எடுக்க எனக்குத் தோன்றவில்லை. அதுதான் என் தொழில்திறமை.

பெரியவர் என்னிடம் வந்தார். "அது கெடக்கட்டும். ஏ கைடு தம்பி, சாப்பாடு எப்போ? டூர் டிக்கெட்ல மதியச் சாப்பாடு உண்டுன்னுல்லா போட்டிருந்துச்சு?"

"கைடா?" என்றேன்.

அப்பா பதறினார். "அண்ணாச்சி, நீங்க மாப்பிள்ளைக்குப் பெரியப்பா..."

"பெரியப்பாவா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "இவிய பொண்ணுக்குத் தாய்மாமன்லா!"

"எனக்கு ஒங்க ரெண்டு பேரையுமே தெரியாதே" என்றார் பெரியவர். "இங்க பம்பாய் சீத்தா கேம்ப்ல இருந்து வாரேன். ஒரு நாள் டூருக்குப் பணம் கட்டியிருக்கேன். கூட வந்தவிய எல்லாரும் தங்கமான ஆளுக. கைடுதான் ஒண்ணுக்கும் ஆக மாட்டான். ஆபீஸ்ல புகார் குடுக்கணும்னு நெனச்சிட்டிருந்தேன்."

மாப்பிள்ளையின் அம்மா அப்படியே ஒரு பாறையில் உட்கார்ந்து, ஈரச்சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எழுந்ததும், "வண்டிய வீட்டுக்கு விடச் சொல்லு" என்றார்.

அன்று மாலை எங்கள் சந்துக்குள் நுழைந்ததுமே எதிர்வீட்டுப் பொன்னம்மாள் அத்தை மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பக்கத்து ஊர்க்காரி என்று தெரிந்துவிட்டது. அப்புறம் அவரைக் கிளப்பவே முடியவில்லை. எங்கள் ஒற்றை அறையில் பன்னிரண்டு பேர் முழங்கால் இடிக்க உட்கார்ந்து கருப்பட்டிக் காப்பி குடித்தோம். "இந்த வீட்டையாடே மறைச்ச, கோட்டிக்காரப் பயலே?" என்று என் தலையில் குட்டிவிட்டு, அங்கேயே நாள் குறித்தார். பெரியவருக்கும் மதியச் சாப்பாடு கிடைத்தது, சாயங்காலம்தான் என்றாலும்.

எடுத்த படங்களில் ஒன்றில் மட்டும் முகங்கள் தெரிந்தன. நடுவில் பெரியவர் பளிச்சென்று நிற்கிறார். சுற்றிலும் நாங்கள் பாதிப் பாதியாக மங்கலாக இருக்கிறோம். அதைச் சட்டம் போட்டு நாங்குநேரி வீட்டு வாசலுக்கு நேரே மாட்டியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு அவரை அழைத்தோம். சீர்த் தட்டோடு வந்து, அம்மாவைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டு, அக்காவுக்குத் தாய்மாமன் முறையை அவரே செய்தார். அண்ணன் தம்பி இல்லாத அம்மா அன்று மேடையிலேயே அழுதுவிட்டாள்.

போன மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. "தாய்மாமன் யாரு? மடியில பிள்ளைய வைக்கணும்" என்று ஆசாரி கேட்டார். பட்டுவேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு நான் மிடுக்காக முன்னால் போனேன்.

அக்காவின் மாமியார் கையைக் காட்டி நிறுத்தினார். "அண்ணாச்சி வந்துட்டிருக்காவ. பஸ்ஸு லேட்டாம். அதுவரைக்கும் பிள்ளைய இந்தக் கைடு மடியில வைங்க."