தட்டு மாற்றும் நேரத்தில் உடைந்த சோடா பாட்டில்

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி.

பெருமதிப்பிற்குரிய ராஜாங்கம் அவர்களுக்கு,

தெய்வசிகாமணி பணிவுடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி செல்வாம்பாளும் மகள் பூர்ணிமாவும் உடலளவில் நலம். தங்கள் வீட்டில் அனைவரும், முக்கியமாகத் தங்கள் அக்கா ஆயம்மா அவர்களும், நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்களைச் சம்பந்தி என்று அழைக்கத்தான் ஆசை. தட்டு மாற்றாமல் அப்படி அழைப்பது முறையா என்று தெரியாததால் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். அந்தத் தட்டு மாறாமல் போனதைப் பற்றித்தான் எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீங்கள் பதில் பேசிவிடுவீர்கள்.

நிச்சயதார்த்தத்தன்று உங்கள் வீட்டுக் கொல்லையில் கண்ணாடி உடைந்த சத்தம் சகுனம் அல்ல. அது நான்.

நான் பழைய கண்ணாடிக் கோலிகள் சேர்ப்பவன். பெண் பார்க்க வந்தபோது எனக்கு என்ன பொழுதுபோக்கு என்று நீங்கள் கேட்டதற்கு, செல்வாம்பாள் முந்திக்கொண்டு ‘தோட்டம்’ என்றாள். எங்கள் வீட்டில் தோட்டம் இல்லை, ஒரு துளசிச் செடிதான் இருக்கிறது. நான் வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு பொழுது போகாமல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பழைய சாமான் விற்கும், எல்லாரையும் பிரெஞ்சுக்காரர் காலத்து மரியாதையோடு ‘முசியே’ என்றே அழைக்கும் நாராயணசாமிதான் இதை ஆரம்பித்துவைத்தார். “முசியே, மெஷின்ல பொறந்த கோலிக்குத் தொப்புள் கெடையாது. கையால செஞ்சதுக்கு இருக்கும். தடவிப் பாருங்க” என்றார். உருகிய கண்ணாடிக் கம்பியிலிருந்து ஒவ்வொரு கோலியாக வெட்டி எடுத்த காலத்தில், வெட்டிய இடத்தில் சொரசொரப்பாக ஒரு வடு தங்கிவிடுமாம். அன்றிலிருந்து நான் மனிதர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவது குறைந்துபோயிற்று.

எங்கள் சந்து வீட்டில் இடம் போதாது என்று அரியாங்குப்பத்தில் தங்கள் வீட்டிலேயே நிச்சயதார்த்தத்தை வைத்துக்கொள்ளச் சொன்ன பெருந்தன்மையை மறக்கவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் கோலி சோடா கொடுத்ததும் பெருந்தன்மைதான். அதை மட்டும் தவிர்த்திருக்கலாம். இப்போது வரும் சோடா பாட்டில்களுக்குக் கழுத்தில் பிளாஸ்டிக் மூடி. திருகினால் கோலி கையில் வந்துவிடும். எனக்கு வந்தது கழுத்தும் கண்ணாடியான பழைய பாட்டில், பாசி நிறம், கண்ணாடிக்குள்ளேயே குமிழ்கள். உள்ளே இருந்த கோலியோ நல்ல நீலம். சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் ஒரு பக்கம் மங்கலாக ஏதோ தெரிந்தது. அது தொப்புளா அழுக்கா என்று உடைத்தால்தான் சொல்ல முடியும். கோலி சேர்க்கிற எவரும் இதை ஒப்புக்கொள்வார். பெண்ணைப் பெற்ற எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் அன்று இரண்டுமாக இருந்தேன்.

பாட்டிலைத் துண்டில் சுற்றித்தான் துவைக்கிற கல்லில் அடித்தேன். கூடத்து இரைச்சலில் கேட்காது என்பது என் கணக்கு. ஆனால் அதே நேரத்தில் கூடத்தில் என்னைக் காணோமே என்று தேடி, கூப்பிட்டால் எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அமைதியில்தான் பாட்டில் உடைந்தது. யாரோ ஓடி வரும் காலடி கேட்டது. துண்டைக் கண்ணாடியோடு வாழைக்கு அடியில் தள்ளினேன். புதுச் சட்டையின் பை மெல்லிய துணி, நீலம் வெளியே தெரியும். கோலியை வாயில் போட்டுக்கொண்டேன்.

நான் உள்ளே வந்தபோது ஆயம்மா அவர்கள் தட்டின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்கள். “நல்ல காரியத்துல கண்ணாடி ஒடஞ்ச பொறவு தட்டு மாத்துவாங்களாடா? கீழ வைடா ராஜாங்கம்!”

“பூனையா இருக்கும்க்கா” என்றீர்கள்.

“ஏன், பூன நல்ல நேரம் பாத்துத்தான் ஒடைக்குமா?” என்று கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். “நீங்க கொல்லப் பக்கந்தானே இருந்தீங்க? என்னான்னு சொல்லுங்களேன்.”

நான் எப்படிச் சொல்வேன்? கோலி கடைவாய்ப் பல்லின் இடுக்கில் மாட்டியிருந்தது. வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. நீங்கள் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு, “அட, அழாதீங்க. இப்ப என்னா ஆயிப்போச்சு? கொஞ்சம் தள்ளி வச்சிக்கலாம்” என்று முதுகில் தட்டினீர்கள். தட்டியதில் கோலி தொண்டைப் பக்கம் நகர்ந்தது. அதை விழுங்காமல் இருக்க நான் பட்ட பாட்டை எல்லாரும் விம்மல் என்று நினைத்துவிட்டார்கள். தங்கள் வீட்டுப் பெண்கள் சிலர் என்னோடு சேர்ந்து அழுதார்கள். அவர்களிடம் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

திரும்பி வரும்போது முருங்கப்பாக்கம் தாண்டும்வரை செல்வாம்பாள் ஆட்டோவில் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். பூர்ணிமா மட்டும் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு உள்ளங்கையை நீட்டி, “துப்புங்கப்பா” என்றாள். துப்பினேன். தொப்புள் இல்லை. பாட்டிலுக்கு வெளியிலிருந்து பார்த்தது வெறும் அழுக்கு. அதுவும் என் வாயிலேயே கரைந்துபோயிருந்தது.

தள்ளிவைத்தது இப்போது நீண்டுகொண்டே போகிறது. ஆயம்மா அவர்கள் பூர்ணிமாவின் ஜாதகத்தை வேறொரு ஜோசியரிடம் காட்டப் போவதாகவும், பெண்ணின் நேரம் சரியில்லை என்று பேச்சு இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். மாப்பிள்ளை நெடுமாறன் காலாப்பட்டில் வேலை முடிந்து எங்கள் தெருமுனைவரை வண்டியில் வந்து, சற்று நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறார். நேற்று அதைப் பார்த்துவிட்டு உள்ளே வந்த பூர்ணிமா, “என் நேரம் சரியில்லன்னு ஊரே பேசுது. நீங்களும் கேட்டுக்கினு உக்காந்திருக்கீங்க. நீங்களா சொல்றீங்களா, நான் போயி சொல்லிட்டு வரட்டுமா?” என்றாள்.

“எழுதச் சொல்லுடி” என்றாள் செல்வாம்பாள். “பேசச் சொன்னா, வாய்ல என்னா வச்சிருக்காரோ!”

ஆகவே எழுதுகிறேன். என் மகளின் நேரத்தில் ஒரு குற்றமும் இல்லை. குற்றமெல்லாம் அவள் அப்பாவிடம். அதை எந்த ஜாதகத்திலும் தேட வேண்டியதில்லை, வாழைக்கு அடியில் பார்த்தால் போதும், துண்டு இன்னும் அங்கேதான் இருக்கும். சாட்சிக்காக அந்தக் கோலியையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காவின் கையில் கொடுத்துவிடுங்கள். என்னிடமிருந்த மற்றவற்றை நாராயணசாமியிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி கோலி தொடுவதில்லை என்று செல்வாம்பாளுக்குச் சத்தியமும் செய்திருக்கிறேன். தயவுசெய்து இன்னொரு நாள் குறியுங்கள். அன்று தட்டு மாறும்வரை நீங்களே என் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். குடிக்க மோர் போதும்.

ஆயம்மா அவர்களுக்கும் மற்றப் பெரியவர்களுக்கும் என் வணக்கங்கள். மாப்பிள்ளைக்கு என் ஆசிகள், எனக்கு அந்தத் தகுதி திரும்பக் கிடைக்கும் நாளிலிருந்து அவை செல்லட்டும்.

தலைகுனிவுடன்,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அன்று நான் சரியாகப் பார்க்காத ஒரு பக்கம், மிகச் சின்னதாக, சொரசொரப்பாக, தொப்புள் இருக்கிறது. ஆகையால் இத்துடன் இருப்பது அந்தக் கோலி அல்ல, அதே நீலத்தில் பெட்டிக்கடையில் வாங்கியது. அக்காவிடம் கொடுக்கும்போது இதுதான் அது என்று சொல்லிவிடுங்கள். உடைந்த சத்தம் உண்மைதானே. பூர்ணிமா கதவருகில் வந்து நின்று, “எல்லாத்தயும் எழுதிட்டீங்களாப்பா?” என்று கேட்கிறாள். இப்போது வாயைத் திறக்க முடியாத நிலையில் இருப்பதால், தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.