எந்த முழங்கால்?

"எந்த முழங்கால் வலிக்குதுண்ணே?" என்று வான்டீ மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

குத்துச்சண்டைக்காரர் பிராசித் தன் இரண்டு கால்களையும் பாரபட்சமில்லாமல் பார்த்தார். "இதுதான்."

இடது காலில் அப்போதுதான் அழகாகப் பட்டை சுற்றி முடித்திருந்தாள். அவர் காட்டியது வலது கால்.

மூலையில் ஆச்சான் சுனிசா அசையாமல் உட்கார்ந்திருந்தார். கல்லூரிச் சிகிச்சைக்கூடத்தில் செய்முறைத் தேர்வு என்றால் அப்படித்தான். மாணவி ஆளைத் தொட்டுப் பார்த்து, கோளாறைக் கண்டுபிடித்து, அவர் களம் இறங்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டும். அதுவரை ஆசிரியை வாய் திறக்க மாட்டார். வான்டீ ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டவள். இன்றும் விட்டால் ஊருக்குப் போய் அம்மாவோடு கோழி சுட்டு விற்க வேண்டியதுதான்.

பட்டையை வலது காலுக்கு மாற்றினாள். "இப்ப எப்படி இருக்கு?"

"இடுப்பு பிடிக்குது, நொய்."

"நான் வான்டீ."

"சரி, நொய்."

இடுப்பில் ஐஸ் பையை வைத்துக் கட்டினாள். வலி தோளுக்குப் போனது. தோளை நீவினால், "கால் வலின்னு வந்தா தோளைப் பிடிக்கிறியே, படிச்சவதானா நீ?" என்று கோபித்துக்கொண்டார். சற்று நேரத்தில் மனிதர் வாழையிலையில் கட்டிய ஒட்டரிசிப் பொட்டலம் மாதிரி ஆகிவிட்டார்.

வான்டீக்கு அழுகை முட்டியது. நாளைய சண்டைக்குப் பயந்து நடிக்கிறான் பாவி என்று உள்ளுக்குள் திட்டினாள்.

"போன வெள்ளிக்கிழமை மேடையில எப்படி அடிபட்டுச்சு?"

"அடியா? நல்ல தூக்கம்மா! நடுவர் பத்து எண்ணினது தாலாட்டு மாதிரி இருந்துச்சு." சிரித்தார். "அக்கா, கொஞ்சம் தண்ணி குடுங்க."

அவரோடு வந்து கதவோரம் நின்றிருந்த பெண் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, "அம்மாடி, ஒரு விஷயம்..." என்று இழுத்தாள்.

"அக்கா, பரீட்சை நடக்குது. நீங்க எடுத்துக் குடுத்தா என்னை வெளிய அனுப்பிடுவாங்க. தயவுசெஞ்சு உட்காருங்க."

அவள் உட்கார்ந்தாள்.

கட்டுகளை எல்லாம் அவிழ்த்து, பாதத்திலிருந்து கழுத்து வரை ஒவ்வொரு மூட்டாக மறுபடி சோதித்தாள் வான்டீ. கழுத்துக்கு மேலே மட்டும் கை போகவில்லை. மூத்தவர் தலையைத் தொடுவது அவமரியாதை, அதிலும் மேடை ஏறும்போது மந்திரித்த கயிறு கட்டும் தலை. கேட்டுவிட்டுத் தொடலாம் என்று பாடத்தில் உண்டு. கேட்க நாக்கு எழவில்லை. மற்றபடி உடம்பு இரும்பு.

"முடிச்சிட்டியா?" என்றார் ஆச்சான். "நாளைக்கு மேடை ஏறலாமா?"

"ஏறலாம் ஆச்சான். ஒரு குறையும் இல்ல. வெறும் பயம்தான்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

பிராசித் எழுந்து கைகூப்பினார். "நல்லா இரு, நொய். அக்கா, நம்ம வீட்டுக்கு வழி உங்களுக்குத் தெரியுமா?"

அந்தப் பெண் வான்டீயின் முன்னால் வந்து நின்றாள்.

"இப்பப் பேசலாமா? நான் அவருக்கு அக்கா இல்லம்மா, பொண்டாட்டி."