இடது கை மரு எப்படிப் போனது?

காலையில் வாசலுக்குப் போய், வானத்தை உச்சிவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, "விடிஞ்ச மாதிரிதான் இருக்கு" என்று சொல்லக்கூடிய மனிதர் மலேசியாவில், பேராக் மாநிலத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பால் டெஸ்டர். ஈப்போ புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டில் அவரும் நானும் அடுத்தடுத்த அறையில் இருந்தோம். அவருடைய சொந்தப் பெயர் அடையாளக் கார்டில் இருந்தது. அதையே அவர் முழுதாக நம்பினாரா என்பது எனக்குத் தெரியாது.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ரப்பர் தோட்டத்துப் பால் ஸ்டோரில், மரப்பட்டையை வெட்டிப் பால் எடுக்கிறவர்கள் கொண்டுவரும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பரிசோதிப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. வாளியைப் பார்ப்பதற்கு முன்னால் ஆளின் முகத்தைப் பார்ப்பாராம். தோட்டம் ரப்பரை விட்டு எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியது, ஸ்டோரை மூடினார்கள், அந்தப் பார்வை மட்டும் அவரோடு ஈப்போவுக்கு வந்துவிட்டது. தாப்பாவுக்கு பஸ் ஏறினால் பலகையைப் படிப்பார், டிரைவரிடம் கேட்பார், இறங்கிய பிறகு தெருவில் போகிறவரை நிறுத்தி, "இது தாப்பாதானே?" என்று இன்னொரு தடவையும் கேட்டுக்கொள்வார்.

இப்படிப்பட்டவரிடம் என் கை மாட்டியது. நான் அப்போது ஒரு சாப்பாட்டுக் கடையில், பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்தேன். வலது கையில் மூன்று, இடது கையில் மூன்று என்று மரு முளைத்தது. சாப்பிட வந்தவர்கள் ரொட்டியை விட்டுவிட்டு என் விரலைப் பார்த்தார்கள். முதலாளி என்னை ரொட்டிக் கல்லிலிருந்து விலக்கி, மேசை துடைக்க விட்டார்.

"இந்தக் கையோட மாவு பிசையுறதா? தா போலே லா, முடியாது! நாலு வாரம் தாரேன். ரெண்டு கையும் சுத்தமா இருக்கணும். இல்லைன்னா வேற ஆளு பாத்துக்குவேன். வாழைப்பழத் தோலை வச்சுக் கட்டு, போயிரும்."

கிளினிக்கில் சுட்டு எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து எனக்குக் காய்ச்சலே வந்திருந்தது. தோல்தான் கதி என்று வாழைப்பழச் சீப்போடு வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் டெஸ்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"தோலு வச்சா போயிருமா? யாரு பாத்தா?"

"எல்லாரும் சொல்றாங்கண்ணே."

"எல்லாரும்தான் பால்ல தண்ணி கலக்கலைன்னு சொன்னாங்க."

உடனே சட்டம் போட்டார். வலது கையில் மட்டும் தோல் கட்ட வேண்டும். இடது கையில் மருந்து, மந்திரம் எதுவும் கூடாது. மரு தானாகவும் போகுமாம். ஒரு கையைச் சும்மா விட்டால்தான் தோலின் லட்சணம் தெரியுமாம்.

"அண்ணே, முதலாளி ரெண்டு கையையும் பாப்பாரு. ஒரு கை மட்டும் போனா என் வேலை போயிரும்ணே."

"ரெண்டுலயும் கட்டுனா எப்படித் தெரியும்? சொல்லு!"

எனக்கு வந்த கோபத்துக்கு வாழைச்சீப்பாலேயே அவரை அடித்திருப்பேன். ஆனாலும் கையை நீட்டினேன். வெள்ளிக்கிழமை தோறும் ரூலர் வைத்து அளந்தார். அளந்ததை அவரே நம்பாமல் மறுபடி அளந்தார். என் இடது கையை மோந்து பார்த்து, திருட்டு வாழைப்பழ வாசம் வருகிறதா என்றும் சோதித்தார்.

நான்காவது வாரம் வலது கை சுத்தம். இடது கையும் சுத்தம்! நான் கூடத்தில் குதித்தேன். டெஸ்டர் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"இடது கை ஏன் போச்சு? யாரோ கை வச்சிருக்காங்க. டெஸ்ட்டே கெட்டுப் போச்சு."

முதலாளி என் இரண்டு கைகளையும் திருப்பிப் பார்த்துவிட்டு ரொட்டிக் கல்லைத் திரும்பக் கொடுத்தார். அன்று வேலை முடிந்ததும் நன்றி சொல்ல மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். வாசலில் பூ விற்கும் அக்கா என் கையைப் பார்த்துச் சிரித்தார்.

"போயிருச்சா தம்பி? உங்க வீட்டு டெஸ்டர் அண்ணேதான் வந்து உப்பும் மிளகும் போட்டாரு. மருவுக்குப் போடுவாங்கல்ல? 'ஒரு கை மட்டும் போனா தம்பிக்கு வேலை போயிரும், ரெண்டு கைக்கும் சேத்துத்தான் வேண்டிக்கிறேன்'னாரு. உப்பு உப்புதானான்னு என்கிட்ட மூணு தடவை கேட்டாரு, பாத்துக்க."

பூவை வாங்கி அம்மனுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். டெஸ்டர் அளவு எழுதிய தாளோடு காத்திருந்தார்.

"உண்மையைச் சொல்லு. இடது கையில என்ன பண்ண?"

"உங்களுக்குத் தெரியாம அதுலயும் தோல் கட்டினேன்ணே" என்றேன், கோயிலில் கேட்டதைக் காட்டிக்கொள்ளாமல்.

என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். எத்தனையோ பொய்களைப் பிடித்த கண்கள் அவை. என் பொய்யைப் பிடிக்க அவருக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் தலையைக் குனிந்து, "சரி லா" என்று தாளில் எழுதிக்கொண்டார். அவர் மறு கேள்வி கேட்காமல் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.