முசேயின் ஏழாம் நம்பர் அறை

கண்டியைப் போர்த்துக்கீசன் பிடிக்கப் பார்த்தான், ஒல்லாந்தன் பிடிக்கப் பார்த்தான், இங்கிலீஷ்காரன் பிடித்தே விட்டான். பிரெஞ்சுக்காரன் மட்டும் பிடிக்கப் பார்க்கவே இல்லை என்று சரித்திரம் சொல்லும். சரித்திரத்துக்கு எங்கள் முசேயைத் தெரியாது. முப்பதுகளின் தொடக்கத்தில், ஏரிக்கு மேலே இருந்த பன்னிரண்டு அறை ஹோட்டல் ஒன்றை, ஒரு வெடிச் சத்தம் இல்லாமல் அவர் பிரான்ஸ் தேசத்தோடு சேர்த்துவிட்டார். அங்கே கிளாக்கராக இருந்த நானும் சரணடைந்தவர்களில் ஒருவன்.

முசே காரைக்கால்காரர். பிரெஞ்சுக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் பட்லராக வந்தவர். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கும். கழுத்திலிருந்த கறுப்பு 'போ' டையை எதற்கும் கழற்றமாட்டார். பீலித் தண்ணீரில் குளிக்கப் போகும்போதும் இடுப்பில் துண்டு, கழுத்தில் போ.

ஒருநாள் அவர் முதலாளியிடம் போனார். "பிரெஞ்சுக் கப்பல்ல வர்றவங்கெல்லாம் தலதா மாளிகையப் பாக்கக் கண்டிக்கு வர்றாங்க முதலாளி. நாம பிரெஞ்சு பேசினா நம்மகிட்டதானே தங்குவாங்க?" முதலாளி மயங்கிவிட்டார். இனி வேலை நேரத்தில் எல்லோரும் பிரெஞ்சுதான் பேச வேண்டும் என்று உத்தரவு வந்தது.

உண்மைக் காரணத்தை என்னிடம் மட்டும் சொன்னார். சைகோனில் அவருக்கு லூர்து என்று ஒரு மகள். தாய் இறந்ததும் நாலு வயதில் கன்னியர் மடத்தில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. தமிழில் ஒரு சொல் தெரியாது. இப்போது பதினெட்டு வயதில் தாதிப் படிப்புக்காகப் பிரான்சுக்குப் போகிறாள். வழியில் கப்பல் கொழும்பில் மூன்று நாள் நிற்கும்.

"நம்ம வீட்டுக்கு வர்ற புள்ள வாயில்லாப் பூச்சியா உக்காந்திருக்கக் கூடாது தம்பி. எல்லாரும் அவளோட பேசணும்" என்றார். ஹோட்டலைத்தான் வீடு என்றார். வேறு வீடு அவருக்கு இல்லை.

பகல் சாப்பாடு முடிந்ததும் குசினியில் வகுப்பு. பெட்டி தூக்கும் செல்லையா, முசே 'கொமான்தலே வூ' என்று நலம் விசாரித்தால், "எந்தக் கோமானுக்குத் தலைவலிங்க?" என்று கேட்பான். பெரிய எதிரி, அண்ணன் என்ற முறையில் நாங்கள் 'நானா' என்று கூப்பிட்ட முஸ்லிம் சமையற்காரர். அலவத்துகொடையிலிருந்து வந்தவர், கத்தியை நாக்கிலும் வைத்திருந்தவர். முசே ஒன்றிலிருந்து ஏழுவரை எண்ணிக் காட்டினார். எங்கள் காதில் விழுந்தது இதுதான்: அன், தூ, துருவா, கத்ர், சங்க், சீஸ், செத்.

நானா வெங்காயத்தைக் கீழே வைத்தார். "என்னத்தப் பாஷை முசே இது? ரெண்டுண்டா துப்பணும், மூணுண்டா துருவணும், நாலுண்டா கத்தணும், அஞ்சுக்குச் சங்கு ஊதணும், ஏழுல செத்தே போகணும்! எண்ணி முடிய முந்தி மவுத்தாப் போயிருவோம்!"

அவர் சொன்னது மறுவாரமே பலித்தது. அறைகளுக்கெல்லாம் பிரெஞ்சு எண் வைத்தாயிற்று. ஏழாம் நம்பரில் தங்கியிருந்த துரைசாணி அம்மா தேநீர் கேட்டு மணி அடித்தார். செல்லையா, "அம்மா செத்! அம்மா செத்!" என்று கத்திக்கொண்டே குசினிக்கு ஓடினான். துணி வெளுக்கும் பெண் கூடையைப் போட்டுவிட்டு மாரில் அடித்து ஒப்பாரி தொடங்கினாள். யார் இறந்தது என்று கேட்க அந்த அம்மாவே படி இறங்கி வந்தார். "ஐயையோ, எந்திரிச்சு வந்துட்டாங்க!" என்று ஓடியவள் ஏரிக்கரையில்தான் நின்றாள்.

கப்பல் வரும் வாரம் ஏழாம் நம்பரை முசே தன் கையாலேயே கூட்டித் துடைத்தார். ஏரி தெரிவது அந்த ஜன்னலில்தான். நானாகூட யாருக்கும் தெரியாமல் ஒரு வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார். 'பியான்வெனு, மத்மசேல்.' பிள்ளைக்கு நல்வரவு.

முசே கொழும்புக்குப் போனார். மறுநாள் மாலை நாங்கள் வாசலில் வரிசையாக நின்றோம். கார் வந்தது. முசே தனியாக இறங்கினார்.

கப்பலில் அம்மை கண்டு, யாரையும் இறங்க விடவில்லையாம். இவர் தோணி பிடித்துக் கப்பலுக்குக் கிட்டப் போயிருக்கிறார். "மேல்தட்டுல நிறையப் பொண்ணுங்க நின்னாங்க தம்பி. எது நம்ம புள்ளன்னு தெரியல. கை காட்டின எல்லாத்துக்கும் கை காட்டினேன்."

நானாதான் முன்னால் வந்தார். "பியான்வெனு, முசே" என்றார். பிறகு, "வாங்க, சோறு ஆக்கி வச்சு ஈக்கி" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார்.

பிரெஞ்சுக்காரர்கள் வரவே இல்லை. முதலாளி உத்தரவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. படிப்பு முடிந்து திரும்பும்போது கட்டாயம் வருவேன் என்று லூர்து எழுதியிருந்தாள். அவள் வரும்போது எங்களுக்கு மறந்துபோயிருக்கக் கூடாதே! காலையில் போன்ஷூர், தட்டு வாங்கினால் மெர்சி. செத் என்றால் எங்களுக்குச் சாவு ஞாபகம் வருவதே நின்றுபோயிற்று. அது லூர்தின் அறை, அவ்வளவுதான். அதைக் கேட்ட விருந்தினரிடமெல்லாம் கூரை ஒழுகுகிறது என்று நான் சொன்னேன். ஒழுகாத கூரை இரண்டு வருஷம் ஒழுகியது.

மூன்றாம் வருஷ மழையில் முசேக்கு நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செல்லையா துணைக்கு இருந்தான். ஒரு மத்தியானம் அவன் நனைந்துகொண்டே ஓடிவந்தான். முகத்தில் வழிந்தது மழை என்றுதான் நினைத்தோம். குசினி வாசலில் மூச்சு வாங்க நின்றான்.

"முசே... முசே செத்..."

நானா சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"செத்துக்கா? புள்ள வந்திட்டாவா?"

ஏழாம் நம்பர் சாவியை நானும் அதற்குள் கையில் எடுத்துவிட்டிருந்தேன்.