மரமேறுதலில் சேர்ந்த ஆமையும் நாற்பத்திரண்டு ஏடுகளும்

ஒரு காட்டில், நன்னீர்க் குலத்தில் உதித்தவரும், நிதானமூர்த்தி என்னும் பெயரினரும், நூற்று நான்கு அகவை நிறைந்தவருமான ஆமையார் ஒருவர் வாழ்ந்துவந்தார். அவர் அவ்வனத்துக் கலைக்கல்லூரியில் இரண்டாமாண்டு மாணவர்.

சேர்க்கை நாளன்று நீச்சல் பாடத்தின் வரிசையை அவர் சென்றடைவதற்குள் இடங்கள் நிரம்பிவிட்டன. எஞ்சியிருந்தது மரமேறுதல். அதில் இருமுறை தோற்றார். மூன்றாம் முறையும் தோற்றால் கல்லூரியிலிருந்து நீக்கம் என்பது விதி. பாடத்தை மாற்ற ஒரே வழி, ஆலோசகரின் பரிந்துரை.

அவருடைய ஆலோசகர் முனைவர் விடாக்கண்டர் என்னும் உடும்பு. ஆலோசகரை அடிக்கடி சந்தித்து மனந்திறந்து பேசுக, நல்லுறவு தானே மலரும் என்று கல்லூரிக் கையேடு கூறிற்று. ஆமையார் கையேட்டை நம்பினார். வாரந்தோறும் தம் ஐயங்களை எண்ணிட்டு எழுதிக்கொண்டு ஆலோசகர் அறை வாசலில் இருந்த பெஞ்சில் அமர்ந்தார். ஆலோசகர் கூட்டத்தில் இருக்கிறார் என்றோ, கூட்டத்திற்குப் புறப்படுகிறார் என்றோ, கூட்டத்தால் களைத்திருக்கிறார் என்றோ விடை வரும்.

உடன் பயிலும் சித்ராங்கி என்னும் அணில் ஆலோசகரை ஒருநாளும் கண்டதில்லை. மரமேறுதலில் அதற்கே முதலிடம்.

"தாத்தா, பெஞ்சில் அமர்வதை ஒரு பாடமாக வைத்தால் தங்கப்பதக்கம் உங்களுக்குத்தான்" என்று போகிற போக்கில் சொல்லும்.

இவ்வாறிருக்க, கல்லூரியைச் சோதிக்க ஆய்வுக்குழு மூன்று நாளில் வருவதாகச் செய்தி எட்டியது. மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆலோசனை ஏடு உண்டு. பருவத்திற்குப் பதினாறு சந்திப்புகள் அதில் பதிவாகியிருத்தல் வேண்டும். விடாக்கண்டரின் பொறுப்பில் நாற்பத்திரண்டு ஏடுகள். நாற்பத்திரண்டும் வெறுமையாக இருந்தன.

கதவு திறந்தது. விடாக்கண்டர் எட்டிப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர் ஒருவரே.

"தம்பி, உன் கையெழுத்து எப்படி?"

"நிதானமாக இருக்கும், ஐயா."

"உள்ளே வா. இந்த ஏடுகளை நிரப்பு. நான்கு வாரம் நீலம், நான்கு வாரம் கறுப்பு, மறுபடி நீலம். ஒரே பேனாவில் எழுதினால் கண்டுபிடித்துவிடுவார்கள்."

ஆமையார் முதலில் தம் ஏட்டை எடுத்தார். 'ஆலோசகர் மாணவரின் விருப்பத்தைக் கேட்டறிந்து, மரமேறுதலிலிருந்து நீச்சலுக்கு மாற்றப் பரிந்துரைத்தார்' என்று பதினாறு முறை எழுதினார். அவ்வாக்கியத்தைச் சிந்திக்கவே அரைநாள் சென்றிருந்தது. மற்றவர்களுக்கு வேறு ஆலோசனை சிந்திக்க நேரமில்லாமையால், அவ்வாக்கியத்தையே நாற்பத்தோர் ஏடுகளிலும் எழுதி நிரப்பினார். விடாக்கண்டர் ஒன்றையும் படியாமல் எல்லாவற்றிலும் கையொப்பமிட்டார்.

மாணவர் அனைவரையும் ஒரே திசையில் வழிநடத்தும் ஆலோசகரைத் தாங்கள் வேறெங்கும் கண்டதில்லை என்று ஆய்வுக்குழு பாராட்டிச் சென்றது. பரிந்துரைகள் உடனே நிறைவேற்றப்பட்டன.

குளக்கரையில் சித்ராங்கி வாலைப் பிழிந்துகொண்டு, தன்னை யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்று வினவியது.

"ஏட்டைப் பாரம்மா. உன்னைப் பதினாறு முறை கேட்டிருக்கிறார்கள்" என்றார் ஆமையார், நீந்தியபடியே.

நீதி: ஆலோசகரோடு நல்லுறவு வேண்டுவோர் கேள்விகளைக் கொண்டு செல்லற்க, இரு நிறத்தில் பேனாக்களைக் கொண்டு செல்க.

இவ்விவகாரம் தீர்ந்த நாள் கார்த்திகைத் திங்கள் இருபத்து மூன்று, வியாழக்கிழமை. ஏட்டின்படி இது தீர்ந்தது முதல் சந்திப்பிலேயே, ஆடிப்பெருக்கு நாளில். அன்று கல்லூரிக்கு விடுமுறை.