சக்திக்குண்டு தேர்ந்தெடுத்த விடுதி

தியான மையத்தின் வாசலில் அன்று சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. சக்தி நிபுணர் வருகிறார்! தொலைந்த மோதிரத்தைக் கண்டுபிடித்தவராம். ஓடாத கடையை ஓட வைத்தவராம். யாருடைய மோதிரம், எந்தக் கடை என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. என் ஜன்னல் அந்தப் பக்கம் அமைந்துவிட்டது. அன்று ஜன்னல் போதவில்லை, உள்ளேயே போய் நின்றேன்.

விஷயம் இதுதான். தங்க வருகிறவர்களுக்குப் புது விடுதி கட்ட வேண்டும். வரைபடக்காரர் மூன்று படம் போட்டுக் கொடுத்திருந்தார். தோட்டத்தை ஒட்டி நீளமான கட்டடம் ஒன்று, மாடிக் கட்டடம் ஒன்று, பின்பக்கச் சரிவில் தனித்தனி மரக்குடில்களாக ஒன்று. எதில் வெயில் அடிக்கும், எதில் முட்டிவலிக்காரர்கள் ஏற முடியாது என்றெல்லாம் எட்டுப் பக்கம் எழுதியும் வைத்திருந்தார். யார் படித்தார்கள்?

நிபுணர் நூலில் கட்டிய பித்தளைக் குண்டை எடுத்தார். கொத்தனார் கையில் அது தூக்குக்குண்டு. சுவர் நேரா கோணலா என்று சொல்லும். இவர் கையில் சக்திக்குண்டு. என்ன வேண்டுமானாலும் சொல்லும். முதல் இரண்டு படங்களின் மேல் அசையாமல் நின்றது. குடில் படத்தின் மேல் கிறுகிறுவென்று சுற்றியது.

"குடில்தான்! சரிவுல இருக்கிற பழைய வீட்டை மட்டும் இடிச்சிடுங்க. அதுல கெட்ட சக்தி குடியிருக்கு."

அதில் குடியிருப்பது மையத்தின் சலவை அக்கா. பதினாறு வருஷமாக. படுத்த படுக்கையான கணவனோடு.

"இடிச்சிட்டா நாங்க எங்கய்யா போறது?" என்றாள்.

மையத்தின் தலைவர் தரையைப் பார்த்தார். "நானாம்மா சொல்றேன்? குண்டு சொல்லுது."

"அப்ப குண்டுகிட்டயே கேட்டுக்கிறேன்." தோளில் கிடந்த துண்டை உதறினாள். "சாமி, கண்ணைக் கட்டிக்கிட்டு இன்னொரு தடவை பாருங்க."

"சந்தேகப்பட்டா சக்தி கோவிச்சுக்கும்."

"கோவிச்சுக்கட்டும். போகப்போறது என் வீடு."

"கட்டிக்குங்க சாமி, அதிசயத்தை ரெண்டாவது தடவையும் பார்த்துக்கிறோம்" என்றேன், மிகுந்த பக்தியோடு. கூட்டமும் கேட்டது. பாவம், மனிதருக்குத் தப்ப வழியில்லை.

துண்டால் கண்ணைக் கட்டியதும் தலைவரே படங்களை இடம் மாற்றி வைத்தார். குண்டு மூன்றாவதன் மேல் சுழன்றது. "இதோ குடில்!" கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தால், தோட்டத்துக் கட்டடம்.

"கூட்டத்துல யாருக்கோ கெட்ட எண்ணம்..."

மறுபடி கண்ணைக் கட்டினார்கள். இந்த முறை அக்கா படங்களையெல்லாம் எடுத்துவிட்டு மூன்று கால்மிதிகளை வரிசையாகப் போட்டாள். நடுக் கால்மிதியின் மேல் குண்டு பம்பரமாய்ச் சுற்றியது.

"ஆஹா! எவ்வளவு தூய்மையான சக்தி!"

"இருக்காதா சாமி? காலையிலதான் துவைச்சேன்."

கூரை அதிரச் சிரித்தோம். அப்போதுதான் வரைபடக்காரர் வாயைத் திறந்தார்.

"மரக்குடில் கட்டுறது இந்தச் சாமியோட மச்சான். போன வாரமே வந்து சரிவை அளந்துட்டுப் போயிட்டாரு."

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று தலைவர் சீறினார்.

"நீங்க என்னை எங்க கேட்டீங்க? குண்டைத்தானே கேட்டீங்க!"

நிபுணர் பின்வாசல் வழியாக நழுவினார். வீடு தப்பியது, இடிப்பதில்லை என்று அன்றே தலைவர் தன் வாயால் சொன்னார். ஆனால் திரும்பும்போது என் பக்கத்தில் நடந்த அம்மாள் மெல்லக் கேட்டாள்: "கட்டடத்துக்குப் பலிக்கலை, சரி. கல்யாணத்துக்குப் பார்த்தா பலிக்குமோ?"

நூலை ஆட்டியது அவர் கை. நம் தலையை ஆட்டியது யார்? வீட்டுக்குப் போய் யோசியுங்கள். யோசிக்க நல்ல நேரம் பார்க்கத் தேவையில்லை.