கணுக்கால் அளவுத் தண்ணீர்

“இடுப்பு என்று வானொலியில் சொல்லக் கூடாது என்றால் கூடாதுதான். அது என்ன வார்த்தை, இடுப்பு? குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்கிற நேரத்தில்.”

“இடுப்பு வரைக்கும் தண்ணி வந்திருந்தா இடுப்புன்னுதானே ஐயா சொல்லணும்? காதுன்னா சொல்ல முடியும்?”

“காது இன்னும் மோசம். காதுக்கு நான் உயிரோடு இருக்கும்வரை அனுமதி கிடையாது.”

தும்பைக்கரை நாட்டின் வானொலிக் கோபுரத்து அறையில் நடந்த சண்டை இது. ஒரு பக்கம் ஒலித்துறை அமைச்சர் திருமேனிநாதர். மறுபக்கம் ஆற்று நிலவரம் வாசிக்கிற மாதங்கி. சண்டை மும்முரத்தில் மைக்கை அணைக்க இருவருக்குமே தோன்றவில்லை. நாடே அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டுக் கேட்டது. ‘இடுப்பு’ என்ற சொல் காதில் விழுந்த உடனே ஆற்றுத் தெருக்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோபுரக் குன்றுக்கு ஏறிவிட்டார்கள். அன்றைக்கு அவர்கள் பிழைத்தது அமைச்சரின் புண்ணியத்தில் என்றுதான் சொல்ல வேண்டும். அவரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வார்.

தும்பைக்கரையின் படித்துறையில் ஒரு கல் ஆள் நின்றிருந்தான். எந்தக் காலத்துக் காவல்காரனோ, வேல் உடைந்து பிடி மட்டும் கையில் இருந்தது. ஊரார் அவனைக் கல்மாமா என்பார்கள். ஆற்றை அவர்கள் அடிக் கணக்கில் அளந்ததில்லை; மாமாவை வைத்துத்தான் அளந்தார்கள். மாமாவுக்கு முட்டி நனைந்தால் ஆடுகளை மேட்டுக்கு ஓட்ட வேண்டும். இடுப்பு நனைந்தால் ஆற்றுத் தெருவே மேட்டுக்கு ஓட வேண்டும். இதைத் தண்டோரா போட்டுச் சொன்னால் மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்பதால் வீட்டுக்கு வீடு இரும்பு கொடுத்துக் குன்றின்மேல் கோபுரம் எழுப்பினார்கள். ஆரம்பத்தில் அந்தக் கோபுரம் மூன்றே விஷயங்கள்தான் பேசியது: மாமாவின் நனைந்த அளவு, காய்கறி விலை, காணாமல் போன ஆடுகளின் அடையாளம். இதில் பொய் சொல்ல என்ன இருக்கிறது? ஆடு விஷயத்தில் கொஞ்சம் இருந்தது. அது தனிக் கதை.

பிறகு தேர்தல் வந்தது. மேதகு ஒப்பிலார் மேடையேறி, “என் ஆட்சியில் ஆறு கணுக்காலைத் தாண்டாது” என்று வாக்குக் கொடுத்தார். கைதட்டலில் பந்தல் ஆடியது. ஜெயித்தார். இந்த ஏற்பாட்டை ஆற்றிடம் யாரும் தெரிவிக்கவில்லை.

முதல் மழைக்கே மாமாவின் முட்டி நனைந்தது. அமைச்சரவை கூடி, முட்டியை இனி ‘கணுக்காலின் மேற்பகுதி’ என்று வாசிக்கும்படி ஆணையிட்டது. மாதங்கி வாசித்தாள். ஆற்றுத் தெருக்காரர்களுக்கு அது எந்த இடம் என்று விளங்கவில்லை; ஏழெட்டு ஆடுகள் ஆற்றோடு போயின. அடுத்த மழைக்கு இடுப்பு நனைந்தபோது ‘கணுக்காலின் நெடிய மேற்பகுதி’ என்று எழுதிக்கொண்டு அமைச்சரே நேரில் வந்தார். அந்தச் சண்டையைத்தான் நீங்கள் முதலில் கேட்டீர்கள். மாதங்கியின் வீடும் ஆற்றுத் தெருவில்தான். அவளுக்கு அது செய்தி இல்லை, சொந்த வாசல்.

சண்டை ஒலிபரப்பான மறுநாள் அமைச்சர் அரண்மனைக்கு ஓடினார்.

“ஆற்றில் குறை ஒன்றுமில்லை, மேதகையீர். அளக்கிற ஆள் குள்ளம்.”

“எவ்வளவு குள்ளம்?”

“தங்கள் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லோருமே குள்ளம்தான்.”

ஒப்பிலார் நெடுநேரம் யோசித்தார். அந்த வாக்கியத்தில் அவருக்கு ஒரு தவறும் தென்படவில்லை.

கல்மாமாவைப் பெயர்த்து மாட்டுத் தொழுவத்துக்குப் படிக்கல்லாகப் போட்டார்கள். அவன் நின்ற இடத்தில் ஒப்பிலாரின் சிலை எழுந்தது, கோபுரத்தின் உயரத்துக்கு. கணுக்கால் எலும்பே ஆற்றுத் தெருக் கூரைகளுக்கு மேலே நின்றது. அதற்கும் வீட்டுக்கு ஓர் இரும்புச் சாமான் கேட்டார்கள். மீன் விற்கிற குருவம்மா தன் அரிவாள்மணையைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் இரவல் கேட்கப்போய், அந்த இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

அதன்பின் கோபுரம் பொய் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போனது. “தண்ணீர் தலைவரின் கணுக்காலைத் தொடவில்லை” என்று தினமும் வாசித்தாள் மாதங்கி. ஒவ்வொரு எழுத்தும் உண்மை. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து பார்த்துவிட்டு வியந்து போனார்கள்.

குருவம்மா மட்டும் வாசலில் ஒரு மூங்கில் கம்பை நட்டுத் தண்ணீரைத் தானே அளந்தாள். ‘தலைவரின் காலுக்கு எதிராகக் கம்பு நீட்டிய குற்றம்’ என்று ஒரு புதுச் சட்டம் வந்தது. முழ நீளத்துக்கு மேல் கம்பு வைத்திருக்கத் தடை. தூண்டில்கள் போயின. படகுத் துடுப்புகள் போயின. கால் விளங்காதவர்கள் ஊன்றி நடந்த கோல்களும் போயின. மீன் இல்லாத மீன்காரியாகக் குருவம்மா தெருவில் நடந்தாள்.

அந்த ஐப்பசியில் மேற்கே மழை பிடித்துக்கொண்டது. நடுப்பகலில் மாதங்கி மைக் முன்னால் உட்கார்ந்தாள். பட்ட அனுபவத்தால் அமைச்சர் அவள் பக்கத்திலேயே, சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக மாதங்கிக்கு ஆற்றுத் தெரு தெரிந்தது. தண்ணீர் தெருமுனைக்குள் திரும்பியிருந்தது. ‘ஓடுங்கள்’ என்று ஆரம்பித்தால் இரண்டாவது எழுத்து வெளியே போகாது. அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“ஆற்று நிலவரம். தண்ணீர் தலைவரின் கணுக்காலைத் தொடவில்லை. இந்தப் பெருமையைக் கொண்டாட ஆற்றுத் தெரு மக்கள் அனைவரும் இப்போதே, இந்த நிமிடமே, கோபுரக் குன்றுக்கு வந்து, அங்கிருந்தபடி தலைவரின் பாதத்தைத் தரிசிக்கலாம். ஆடு மாடுகளுக்கும் அனுமதி உண்டு. பாத்திரம் பண்டங்களையும் எடுத்து வரலாம். நடக்க முடியாதவர்களைத் தூக்கி வருவது விசேஷம். வராதவர்களின் பெயர் குறித்துக்கொள்ளப்படும்.”

அமைச்சர் விரலை எடுத்துக்கொண்டார். “கடைசி வரி நன்றாக இருந்தது, அம்மணி. உங்களிடம் இவ்வளவு பக்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.”

பக்தி உள்ளவர்கள் பக்தியால் வந்தார்கள். இல்லாதவர்கள் பெயர் குறிக்கப்படும் என்ற பயத்தால் இன்னும் வேகமாக வந்தார்கள். குருவம்மா வழியெல்லாம் வைதுகொண்டே ஏறினாள். மேலே கோபுர வாசலுக்கு வந்து நின்றிருந்தாள் மாதங்கி.

“ஏ மாதங்கி, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? வீட்டுக்குள்ள தண்ணி ஏறுது, அந்தாளு காலைக் கும்பிடக் கூப்பிடுறே.”

“எல்லாரும் வந்தாச்சா அத்தை?”

“எங்க தெருவுல பூனைகூட மிச்சமில்ல.”

“அப்ப திரும்பிப் பாரு.”

குருவம்மா திரும்பிப் பார்த்தாள். தெருவைக் காணோம். கூரை முகடுகள் மட்டும் கவிழ்த்த படகுகள் மாதிரித் தெரிந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றிரண்டு சரிந்தன. அதற்கு மேலே, சொட்டு ஈரமில்லாமல், கணுக்கால். அவள் அதன்பிறகு வையவில்லை. மாதங்கியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

குன்றில் திரண்ட கூட்டத்தை அரண்மனை மாடியிலிருந்து பார்த்து ஒப்பிலார் கண்கலங்கினாராம். அந்தப் பூரிப்பிலேயே தேர்தலை முன்கூட்டி அறிவித்தார். வீடு இழந்தவர்கள் நிவாரணம் கேட்டுப் போனார்கள். அதிகாரி கோபுரத்தில் விசாரித்துவிட்டு, “கணுக்காலைத் தொடாத தண்ணீரில் வீடு இடிய வழியில்லை. இடித்தது நீங்களாக இருக்கும்” என்று அனுப்பிவிட்டார். அந்தக் கூட்டம் அப்படியே போய் ஓட்டுப் போட்டது. ஒப்பிலார் தோற்றார், அதுவும் எப்படி, கட்டிய டெபாசிட் பணம் போகும்படி.

ஜெயித்தவர் வாகையார். ‘கல்மாமாவை மீட்பேன்’ என்று ஊர் ஊராகத் தொண்டை கட்டப் பேசியவர். பதவியேற்ற கையோடு சிலையைப் பார்க்க வந்தார். சுற்றிச் சுற்றி வந்தார். கணுக்காலை அண்ணாந்து பார்த்தார். அப்புறம் திருமேனிநாதரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். மறுநாள் சாரம் கட்டிக் கொத்தனார்கள் ஏறினார்கள். ஒப்பிலாரின் தலையை இறக்கி வாகையாரின் தலையை ஏற்றினார்கள். மற்றதில் கை வைக்கவில்லை.

காலை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று குருவம்மா நேரிலேயே போய்க் கேட்டாள். அப்போதும் அமைச்சராகவே இருந்த திருமேனிநாதர் பொறுமையாக விளக்கினார்: “தலை மக்களுடையது, அம்மா. மக்கள் மாற்றிவிட்டார்கள். கால் அரசாங்கத்துடையது.”

திருமேனிநாதரின் மகளை வாகையாரின் தங்கை மகனுக்குக் கொடுத்தார்கள். கல்யாணம் கோபுரத்தில் நேரடி ஒலிபரப்பு. மொய் எழுதியவர்கள் பெயர் வாசித்து முடிக்கவே ஒரு பொழுது ஆயிற்று. ஒப்பிலார் தன் மகன் வீட்டோடு போய்விட்டார். அங்கே மருமகளுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை என்று கேள்வி.

பாத தரிசனத்துக்காக மாதங்கிக்குப் பட்டயம் அறிவித்தார்கள். வாங்க அவள் இல்லை. எதிர்க்கரை நாட்டுப் படகோட்டி சவரியப்பனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. அந்தப் பிள்ளை எத்தனை நாளாகக் கொய்யாப்பழம் கொண்டுவந்து கோபுர வாசலில் கொடுத்துக்கொண்டிருந்தது, யார் கண்ணிலும் படாமலா? எதிர்க்கரையிலும் ஒரு கோபுரம் உண்டு, தென்னை மர உயரத்துக்கு. அதில் இப்போது ஆற்று நிலவரம் வாசிப்பது மாதங்கிதான். எங்கள் வீடுகளில் கூடத்து ரேடியோ தலைவர் பேச்சைச் சத்தமாகப் பாடிக்கொண்டிருக்கும். அடுப்படி ரேடியோ மெதுவாக அவள் குரலில் நிலவரம் சொல்லும். ஆடுகளை ஓட்டுவது அதைக் கேட்டுத்தான்.

ஆற்றுத் தெருவில் பாதிப் பேர் அவள் பின்னாலேயே படகேறிவிட்டார்கள். குருவம்மா போகவில்லை. குன்றுச் சரிவிலேயே கூரை போட்டுக்கொண்டாள். போன வாரம் அவளிடம் எதிர்க்கரையிலிருந்து வந்த மீன் வாங்கப்போனபோது, பழைய இடத்துக்கு ஏதாவது செய்தார்களா என்று கேட்டேன்.

“இல்லாத வீட்டுக்கு வரி வருது, ஓட்டுச் சீட்டும் வருது. தண்ணி மட்டுந்தான் வரவே இல்லையாம்” என்றாள், செதிலைச் சீவிக்கொண்டே.